எரிமலைத் தீவுக்குப் போகலாம்... ஆனா இறங்க முடியாது!

போனில் மேப்பைத் திறங்க. பொதட்டூர்பேட்டை மேல விரலை வைங்க. அங்கிருந்து கிழக்கே தள்ளிக்கிட்டே போங்க. நகரி, ஊத்துக்கோட்டைப் பக்கமாகப் போய், பழவேற்காட்டுக்குக் கொஞ்சம் தெற்கே கடல் வந்துடும். அதுக்கப்புறம் வெறும் நீலம்தான். சுமார் 1,600 கிலோமீட்டர் தள்ளினால், உங்க விரலுக்குச் சற்று மேலே ஒரு பச்சைப் புள்ளி தெரியும். அதுதான் நார்கொண்டம் தீவு. அங்கிருந்து தெற்கே சுமார் 130 கிலோமீட்டர் இறங்கினால் இன்னொரு புள்ளி. அது பேரன் தீவு.

இரண்டுமே எரிமலைகள். நார்கொண்டம் தூங்குகிற எரிமலை. பேரன், இந்தியாவிலேயே இன்னும் உயிரோடு இருக்கிற எரிமலை. கறுப்புச் சரிவு, உச்சியில் புகை, கீழே கண்ணாடி மாதிரி கடல் என்று ரீல்ஸில் பார்த்ததும், 'அடுத்த லீவுக்கு இங்கதான்டா' என்று நண்பர்களை டேக் செய்யத் தோன்றும். 'எரிமலை ட்ரெக்கிங் பேக்கேஜ்' என்று யாராவது விளம்பரம் போட்டால் முன்பணம் கட்டவும் கை பரபரக்கும்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுக்கங்க. பேரன் தீவைப் பார்க்கலாம். அதில் கால் வைக்க முடியாது. நார்கொண்டத்துக்குச் சுற்றுலாவாகப் போகவே முடியாது. அப்படின்னா மலையேற்றம், பறவை, காடு எல்லாம் அவ்வளவுதானா? இல்ல. எதை எங்கே தேடணும்னு தெரிஞ்சா ஒரே பயணத்தில் எல்லாமே கிடைக்கும்.

கடலுக்குள் ஒரு தொட்டபெட்டா

பேரன் தீவு, தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. குறுக்களவு 3 கிலோமீட்டர்தான். ஸ்கூட்டி ஓட்ட ரோடு இருந்தால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அஞ்சு நிமிஷத்தில் போயிடலாம்.

உயரம் 354 மீட்டர். கேட்க சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் நம்ம கண்ணுக்குத் தெரிவது மலையின் தலை மட்டும். அங்கே கடலின் ஆழம் 2,000 மீட்டருக்கும் மேல். கடலடியிலிருந்து அளந்தால் மொத்த மலையும் கிட்டத்தட்ட தொட்டபெட்டா (2,637 மீட்டர்) உயரத்துக்கு வரும். ஊட்டி மலையைக் கழுத்துவரை கடலில் முக்கி வைத்த மாதிரி நினைச்சுக்கங்க.

தீவின் நடுவே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பெரிய வட்டப் பள்ளம். பழைய எரிமலை இடிந்து விழுந்ததில் உருவான பள்ளம் இது. சுற்றிலும் மதில் மாதிரி பாறைச் சுவர். மேற்குப் பக்கம் மட்டும் அந்த மதில் உடைந்து, கோட்டை வாசல் மாதிரி திறந்திருக்கிறது. பள்ளத்தின் நடுவே எழும்பி நிற்கும் கூம்புதான் இப்போது புகை விடுகிற எரிமலை. எரிமலைக் குழம்பு இந்த மேற்கு வாசல் வழியாக ஓடிவந்து கடலில் கலந்து கறுப்பாக இறுகிக் கிடக்கிறது. படகிலிருந்து நல்ல போட்டோ எடுக்க வேண்டுமானால் இந்த மேற்குப் பக்கம்தான் சரியான இடம்.

நெருப்பு எங்கிருந்து வருது?

குல்ஃபி வண்டிக்காரர் ஐஸ் பெட்டியில் உப்பு போடுவதைப் பார்த்திருப்பீங்க. உப்பு சேர்ந்தால் ஐஸ் இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே உருக ஆரம்பிக்கும். பாறைக்கும் தண்ணீருக்கும் இடையே பூமிக்கு அடியில் நடப்பதும் இதே கதைதான்.

நாம் நிற்கும் இந்தியத் தட்டு, அந்தமானுக்கு மேற்கே பர்மா தட்டுக்கு அடியில் மெதுவாகச் சொருகிக்கொண்டு இறங்குகிறது. கடலடியில் ஊறிக் கிடந்த பாறை என்பதால் அது தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. ஆழம் கூடக் கூட, சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தத் தண்ணீர் கசிந்து மேலே உள்ள பாறையில் சேர்கிறது. தண்ணீர் பட்ட பாறை வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். உருகிய குழம்பு மேலே ஏறி, வழி கிடைக்கும் இடத்தில் வெளியே வருகிறது. இந்தோனேசியாவின் சுமத்ராவில் தொடங்கி பேரன், நார்கொண்டம், மியான்மரின் போபா மலை என்று எரிமலைகள் ஒரே வரிசையில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பேரன் தீவின் வெடிப்பு 1787-ல் முதன்முதலாகப் பதிவானது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அவ்வப்போது பொங்கிய மலை, பிறகு அடங்கிவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய சத்தமில்லை. 'செத்த எரிமலை' என்று பலரும் முடிவே கட்டிவிட்ட நேரத்தில், 1991-ல் மறுபடி வெடித்தது. 1994-95, 2005 என்று அது தொடர்ந்தது.

2017 ஜனவரியில், கோவாவில் உள்ள தேசிய கடலாய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் தங்கள் ஆய்வுக் கப்பலில் அந்தப் பக்கம் வேலையாக இருந்தபோது, எரிமலை திடீரென்று சாம்பலைக் கக்கியது. பகலில் சாம்பல் மேகம் மட்டும்தான் தெரிந்தது. இருட்டியதும்தான் உச்சியிலிருந்து சிவப்புக் குழம்பு பீறிட்டுச் சரிவில் வழிவதைப் பார்த்தார்கள். 2025 செப்டம்பரிலும் சிறிய வெடிப்புகள் நடந்தன.

அதனால் ஒன்றை மனசுல வச்சுக்கங்க. பகலில் போனால் பெரும்பாலும் புகைதான் தெரியும். ரீல்ஸில் வரும் சிவப்பு வெளிச்சம் இரவில், அதுவும் எரிமலை மும்முரமாக இருக்கும் நாட்களில் மட்டும்தான். சில நாள் புகைகூட இருக்காது. டிக்கெட் எடுத்தோம் என்பதற்காக மலை பொங்காது!

ஏன் இறங்கக் கூடாது?

பேரன் தீவு வனவிலங்கு சரணாலயம். மனிதர்கள் வசிக்காத இடம். வனத்துறை, நிர்வாக அனுமதியோடு படகிலோ கப்பலிலோ போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அவ்வளவுதான். 'ஒரு அஞ்சு நிமிஷம் இறங்கி செல்ஃபி எடுத்துட்டு வந்துடலாமே' என்று கேட்பவர்களுக்கு, நியூசிலாந்தில் நடந்ததைச் சொல்லியே ஆகணும்.

நியூசிலாந்தில் வகாரி என்ற சின்ன எரிமலைத் தீவு இருக்கிறது. 'வெள்ளைத் தீவு' என்றும் சொல்வார்கள். அங்கே சுற்றுலாப் பயணிகளை வழிகாட்டியோடு எரிமலை வாய்க்குப் பக்கத்திலேயே நடத்திக் கூட்டிப்போவார்கள். ஹெல்மெட் உண்டு, முகமூடி உண்டு. 2019 டிசம்பர் 9 அன்று தீவில் 47 பேர் இருந்தபோது எரிமலை வெடித்தது. கொதிக்கும் நீராவியும் சாம்பலும் சில நிமிடங்களில் எல்லாரையும் மூடிவிட்டன. 22 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கடுமையான தீக்காயங்கள். வந்தவர்கள் யாரும் அசட்டுத் துணிச்சல்காரர்கள் இல்லை. நம்ம மாதிரி பணம் கட்டி, வரிசையில் நின்று, படகு ஏறிப் போனவர்கள்தான்.

சின்னத் தீவில் எரிமலை வெடித்தால் ஓடுவதற்கு இடம் இருக்காது. மருத்துவமனை பல மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும். பேரன் தீவில் செல்போன் சிக்னலும் கிடையாது. அதனால் அந்த 'இறங்கக் கூடாது' என்பது வெறும் அரசாங்க ரூல் இல்ல. அது உங்க உயிருக்கான வேலி.

இன்னொரு பக்கமும் இருக்கு. எரிமலை எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் போன இடத்தில் உயிர்கள் எப்படித் திரும்பி வருகின்றன என்பதைப் பார்க்கப் பேரன் ஒரு திறந்த புத்தகம். கடலில் இறுகிய குழம்புப் பாறை மேலேயே பவளங்கள் மறுபடி முளைத்திருக்கின்றன. தீவைச் சுற்றித் தெளிவான தண்ணீரில் பெரிய திருக்கை மீன்கள் நீந்துகின்றன. அனுபவமுள்ள ஸ்கூபா டைவர்களுக்கு இது கனவு இடம். நீச்சல் குளத்தில் ரெண்டு நாள் பழகிவிட்டுப் போகிற இடம் இல்லை. கரையில் காட்டு ஆடுகளும் திரிகின்றன. மனிதர்கள் என்றோ கொண்டுவந்து விட்ட ஆடுகளின் வாரிசுகள் அவை. இப்படிப்பட்ட எரிமலைத் தீவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து காட்டுகின்றன.

நரக குண்டத்தில் ஒரு இருவாச்சி

ஆடு என்றதும் நார்கொண்டத்துக்குப் போயே ஆகணும். 'நரக குண்டம்' என்ற பெயர்தான் நார்கொண்டம் ஆனது என்பார்கள். ஆனால் அங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. 7 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான தீவு, 710 மீட்டர் உயர மலை, அடியிலிருந்து உச்சிவரை அடர்ந்த காடு. நெருப்பு கக்கும் பேரனின் பெயர்தான் பழைய வரைபடங்களில் மாறி இங்கே ஒட்டிக்கொண்டது என்று சொல்பவர்களும் உண்டு.

இந்தக் காட்டில்தான் நார்கொண்டம் இருவாச்சி வாழ்கிறது. உலகில் வேறு எங்கேயும் இந்தப் பறவை இல்லை. நம்ம வால்பாறையில் பார்க்கும் பெரிய இருவாச்சியின் உறவுக்காரன். ஆனால் சைஸில் சின்னது. ஆண் பறவைக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. பெண் பறவை முழுக்கக் கறுப்பு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன இடுக்கு வழியாக ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். 2020-ஐ ஒட்டி ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். உலகத்தில் மொத்தமே அவ்வளவுதான்.

இந்தத் தீவில் ஒரு போலீஸ் காவல் முகாம் இருக்கிறது. முகாமில் இருந்தவர்கள் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகள் பெருகி, காட்டின் இளஞ்செடிகளை மேய்ந்து தீர்த்தன. ஆடு மேய்ந்தால் பறவைக்கு என்ன? இன்றைக்கு ஒரு அத்திக் கன்றை ஆடு தின்றால், இன்றைக்கு எந்தப் பறவையும் பட்டினி கிடக்காது. ஆனால் பல வருஷம் கழித்து, வயசான மரங்கள் விழும்போது அதன் இடத்தில் புது மரம் இருக்காது. பழமும் இருக்காது, கூடு வைக்கப் பொந்தும் இருக்காது. இதைப் புரிந்துகொண்டு பின்னாளில் ஆடுகளை அங்கிருந்து அகற்றினார்கள்.

2012-ல் இந்தத் தீவில் கடலோரக் காவல்படை ரேடார் அமைக்க அனுமதி கேட்டபோது, இருவாச்சியைக் காரணம் காட்டி அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் மறுத்தார். 2014-ல் புதிய அரசு அனுமதி கொடுத்தது. நாட்டின் பாதுகாப்பா, ஒரு பறவையா என்ற விவாதமே அவ்வளவு பெரிதாக நடந்த இடம் இது. அங்கே நாலு பேர் டென்ட் போட்டு பார்பெக்யூ செய்ய அனுமதி இல்லை என்றால், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அப்போ எங்கதான் ஏறுறது?

திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளை மூச்சு வாங்காமல் ஏறுகிற ஆளா நீங்க? அப்போ வட அந்தமானில் டிக்லிபூர் பக்கம் இருக்கும் சேடில் பீக் உங்களுக்கானது. ஏறத்தாழ 730 மீட்டர். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலேயே உயரமான சிகரம் இதுதான். எரிமலை இல்லை. ஆனால் தேசியப் பூங்கா. கடற்கரை ஓரமாகத் தொடங்கும் பாதை, போகப் போக மழைக்காட்டுக்குள் செங்குத்தாக ஏறும். ஒரு பக்கம் மட்டும் சுமார் 8 கிலோமீட்டர். காலையிலேயே வனத்துறை சோதனைச் சாவடியில் பதிவு செய்துவிட்டுத்தான் போக முடியும்.

இங்கே நம்ம ஊர்க்காரர்கள் கணக்குத் தப்புவது நேரத்தில்தான். அந்தமானிலும் அதே இந்திய நேரம்தான். ஆனால் அவ்வளவு கிழக்கே இருப்பதால் பொதட்டூர்பேட்டையை விட ஏறத்தாழ 50 நிமிஷம் முன்னாடியே விடிந்து, அதே மாதிரி முன்னாடியே இருட்டும். டிசம்பரில் 5 மணி தாண்டியதும் சூரியன் போயிடும். 'ஆறு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்' என்று நம்பி உச்சியில் உட்கார்ந்தால், இறங்கும்போது காட்டுக்குள் கும்மிருட்டு. விடியும்போதே ஏற ஆரம்பிச்சுடுங்க.

அந்த ஏரியாவிலேயே காலிப்பூர் கடற்கரை இருக்கிறது. டிசம்பரை ஒட்டிய மாதங்களில் இரவில் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் இடம். போன் ஃபிளாஷ் அடித்தால் ஆமை குழம்பித் திரும்பிவிடும். வனத்துறை ஆட்கள் சொல்வதைக் கேட்டு, போனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டுப் பாருங்க.

பறவை பார்க்கணும்னா ஸ்ரீ விஜயபுரத்துக்குப் பக்கத்திலேயே சிடியா டாப்பு இருக்கிறது. 'மவுன்ட் ஹேரியட்' என்று இருந்து 2021-ல் 'மவுன்ட் மணிப்பூர்' என்று பெயர் மாறிய மலையும் நல்ல இடம். அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் பாம்புக்கழுகு என்று இந்தத் தீவுகளில் மட்டுமே வாழும் பறவைகளை இங்கே பார்க்கலாம்.

பாராடாங்கில் 'எரிமலை' என்று காட்டுவது சேற்று எரிமலை. பூமிக்கு அடியிலிருந்து வாயு, சேற்றை மேலே தள்ளிக் கொப்பளிக்க வைக்கிறது. நெருப்புக் குழம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதையே எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். தெரிந்துகொண்டு போனால் சுவாரஸ்யம்.

உண்மையிலேயே எரிமலை மேல நடந்தே ஆகணும் என்பவர்கள், கொஞ்சம் காசு சேர்த்து ரீயூனியன் தீவைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான தீவு. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கோயில் கட்டித் தீமிதி நடத்துகிறார்கள். அங்குள்ள 2,632 மீட்டர் உயர எரிமலை உலகிலேயே அடிக்கடி பொங்குபவற்றில் ஒன்று. அமைதியான நாட்களில் நடைபாதையில் போகலாம். அறிகுறி தெரிந்தால் உடனே கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

ஊரிலிருந்து எப்படிப் போறது?

பஸ்ஸில் திருத்தணி, அங்கிருந்து ரயிலில் சென்னை. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கப்பல் என்றால் ஏறத்தாழ மூன்று நாள். பங்க் வகுப்பில் செலவு குறைவு, பொறுமை அதிகம் தேவை. கப்பல் போகிற தேதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் திரும்பி வரும் நாளில் இன்டர்வியூ வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தமானில் மொழிப் பிரச்னை வராது. தமிழர்கள் நிறைய பேர். திருத்தணிக்காரர்கள் கும்பிட வெற்றிமலை முருகனும் இருக்கிறார்.

பேரன் தீவுக்கு ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சில சமயம் கப்பல் சுற்றுலா அறிவிப்பார்கள். ஸ்வராஜ் தீவிலிருந்து (பழைய ஹேவ்லாக்) தனிப்படகு பேசியும் போகலாம். அதற்குச் செலவு அதிகம். பத்து பேர் சேர்ந்தால்தான் தாங்கும். கடல் அமைதியாக இருக்கும் டிசம்பர் முதல் ஏப்ரல்வரை சரியான நேரம்.

முன்பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்க:

* அனுமதி யார் பெயரில், எந்தத் தேதிக்கு? காகிதத்தைக் காட்டுவார்களா?
* கடல் மோசமாக இருந்து பயணம் ரத்தானால் பணம் முழுசாகத் திரும்புமா?
* எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், படகில் ரேடியோ இருக்கிறதா?
* தீவை எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு நேரம் காட்டுவார்கள்?

'தீவில் இறக்கி விடுறோம், மேல ஏறலாம்' என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை முடிச்சுக்கங்க. ஒன்று அவர் பொய் சொல்கிறார். இல்லையென்றால் உங்களைச் சட்டத்துக்கும் எரிமலைக்கும் நடுவே மாட்டிவிடப் போகிறார்.

இன்னும் சில விஷயங்கள். வாந்தி வராமலிருக்க மாத்திரையைப் படகு ஏறும் முன்பே டாக்டரிடம் கேட்டுப் போடுங்க. டிக்லிபூருக்குச் சாலை வழியாகப் போனால் ஜாரவா பழங்குடியினரின் காட்டைக் கடக்க வேண்டும். அங்கே வண்டியை நிறுத்துவதும் போட்டோ எடுப்பதும் குற்றம். கரையில் கிடக்கும் செத்த பவளத்துண்டைக்கூட ஊருக்கு எடுத்து வரக் கூடாது. அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று. நாம் ரசித்த பல இடங்கள், நாம் ரசித்ததாலேயே கெட்டுப்போயிருக்கின்றன. பிளாஸ்டிக் இல்லாத மலையைத் தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். பேரன் தீவில் ஒரு சிப்ஸ் பாக்கெட் கடைகூட இல்லை என்பதுதான் அதன் அழகே. படகு மேற்கு வாசலுக்கு எதிரே நிற்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லுங்க. கறுப்பு மலை, அதன் மேல் மெல்லிய புகை, அலைச் சத்தம். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவு தூரம்!